நர்ஸ் படிப்பா, நர்ஸ் வியாபாரமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்ததுதான் தாமதம், புரோக்கர்கள் புறப்பட்டு விடுகிறார்கள். திருப்பரங்குன்றம், ஹார்விபட்டி, நிலையூர், தனக்கன்குளம் என்று ஒரு தெரு பாக்கியில்லை. மில் தொழிலாளியின் வீட்டிலும் விவசாயக் கூலியின் குடிசையிலும் உட்கார்ந்து உபதேசம் செய்கிறார்கள். பெண்ணை நர்ஸ் படிப்பில் சேருங்கள். நூற்றுக்கு நூறு வேலை உத்திரவாதம். வெளிநாட்டில் லட்ச ரூபாய் சம்பளம். பக்கத்தில் தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி வருகிறது, உள்ளூர்ப் பெண்களுக்குத்தான் அங்கே வேலை! இதுதான் அவர்கள் பாடும் பல்லவி.

இதை நம்பித் தகப்பனார் மில்லிலிருந்து வந்த பி.எப். பணத்தை எடுக்கிறார். தாயார் நடவுக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய தோட்டை அடகு வைக்கிறார். மிச்சத்துக்கு வட்டிக்கடைக்காரன் இருக்கிறான். மூன்று வருஷம் கழித்துப் பெண் வெள்ளை உடையோடு வருகிறாள். ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர டூட்டி கிடைக்கிறது. கிடைக்கும் சம்பளம் வட்டிக்கே காணாது. எத்தனையோ வீடுகளில் இன்று நடப்பது இதுதான்.

பெண்களை நர்ஸ் படிப்புக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. தாராளமாக அனுப்புங்கள். நோயாளியைத் தொட்டுத் துடைக்கிற வேலை கேவலம் என்று பேசுகிற பழைய ஜாதி மனப்பான்மையைக் குப்பையில் போடுங்கள். ஆனால் எங்கே அனுப்புகிறோம், யாரிடம் பணம் கட்டுகிறோம், படிப்பு முடிந்த பிறகு என்ன கிடைக்கும் என்று கண்ணைத் திறந்து பார்த்து அனுப்புங்கள். ஆடு வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், மகளின் வாழ்க்கையை ஒரு நோட்டீசைப் பார்த்து முடிவு செய்யலாமா?

பற்றாக்குறை என்றால் கூலி ஏன் உயரவில்லை?

நாட்டில் நர்ஸ்களுக்குப் பற்றாக்குறை, ஆகவே வேலை நிச்சயம் என்கிறார்கள். பற்றாக்குறை இருப்பது உண்மைதான். 1946ல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது இந்தியா முழுவதற்கும் சுமார் 7,000 நர்ஸ்கள்தான் இருந்தார்கள். 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கு. அதன் பிறகு எண்ணிக்கை பல மடங்கு பெருகிவிட்டது. ஆனாலும் ஆயிரம் பேருக்கு மூன்று நர்ஸ் என்று உலக அளவில் சொல்லப்படும் அளவை நம் நாடு எட்டவில்லை.

சரக்கு கிராக்கியானால் விலை ஏறும் என்பது முதலாளிகள் நமக்குச் சொல்லித் தந்த பாடம். பருத்திக்குப் பற்றாக்குறை வந்தால் விலை ஏறுகிறது. நர்சுக்குப் பற்றாக்குறை என்கிறார்கள், நர்சின் கூலி மட்டும் ஏன் ஏறவில்லை? காரணம் இரண்டு. ஜனங்களுக்கு நர்ஸ் தேவை. ஆனால் அந்தத் தேவைக்கு ஏற்ப சர்க்கார் நிரந்தர இடங்களை உண்டாக்கவில்லை. ஆகவே படித்த பெண்கள் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். நீ போனால் இன்னொருத்தி என்கிறான் முதலாளி. மில் வாசலில் பதிலிகளை நிறுத்தி வைத்துக் கூலியைக் குறைத்த அதே தந்திரம் இது. இரண்டாவது காரணத்தைத்தான் வெளியே யாரும் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியும் நர்சிங் பள்ளியும் ஒரே முதலாளியின் கையில் இருக்கும்போது, கூலி கொடுத்து நர்ஸ் வைக்க வேண்டிய வார்டில் மாணவிகளை நிறுத்தி வேலை வாங்கி விடுகிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒரு பள்ளியை எடுத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 60 பேர், மூன்று வருஷப் படிப்பு, ஆக 180 மாணவிகள். ஒருத்தி நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வார்டில் நிற்பதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 1,080 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகக் கணக்கிட்டால் 135 பேருடைய வேலை. பாதி நாள் வகுப்பு, பரீட்சை, லீவு என்று கழித்து விடுங்கள். அப்படியும் 67 நர்ஸ்களுடைய வேலை நிற்கிறது. தலைக்கு மாதம் 20,000 ரூபாய் என்று பார்த்தால் 13 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்! மாதாமாதம் இந்தக் கூலி முதலாளியின் பெட்டியில் மிச்சமாகிறது. அதற்கு மேல் மாணவிகள் கட்டும் பீஸ், ஹாஸ்டல் பணம், யூனிபாரம் பணம், பரீட்சைப் பணம்.

அப்ரண்டிஸ் என்று பெயர் வைத்து அரைக்கூலிக்கு வேலை வாங்கிய மில் முதலாளியையும், சுமங்கலித் திட்டம் என்று கிராமத்துப் பெண்களை ஹாஸ்டலில் பூட்டி வைத்த நூற்பாலைக்காரனையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களாவது ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள். இங்கே தொழிலாளியே பணம் கட்டி வேலை செய்கிறாள்!

வார்டில் நின்று பழகாமல் நர்ஸ் வேலை வராது என்பது வாஸ்தவம். ஆனால் பக்கத்தில் ஆசிரியை நின்று சொல்லிக் கொடுத்தால்தான் அது படிப்பு. ஆசிரியையே இல்லாமல் இரவு முழுவதும் ஒரு வார்டை முதல் வருஷப் பெண்ணின் தலையில் கட்டினால் அது சுரண்டல். மாணவியை மட்டும் அது பாதிப்பதில்லை. அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் உயிரையும் பணயம் வைக்கிறது.

எய்ம்ஸ் பெயரால் ஒரு ஏமாற்று

தோப்பூரில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27ந் தேதி. முதல் மாணவர்கள் 2022ல் சேர்ந்தார்கள். சேர்ந்த இடம் தோப்பூர் அல்ல, ராமநாதபுரம். கட்டிட வேலை 2024ல்தான் துவங்கியது. ஐந்து வருஷ காலம் அந்தப் பொட்டலை எல்லாக் கட்சிக்காரர்களும் சுட்டிக் காட்டிக் கொண்டிருந்தபோது, அதே பொட்டலைக் காட்டி நர்சிங் புரோக்கர்கள் பணம் பண்ணினார்கள்.

எய்ம்ஸ் வந்தால் உள்ளூர்ப் பெண்ணுக்கு வேலை என்பது பச்சைப் பொய். எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நார்செட் என்ற அகில இந்தியப் பரீட்சை எழுத வேண்டும். காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை உள்ளவர்கள் அதில் போட்டி போடுகிறார்கள். நான்கு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங் படித்தவர்கள் எழுதலாம். மூன்று வருஷ டிப்ளமா படித்தவர்கள், 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் இருந்தால்தான் எழுதலாம். திருப்பரங்குன்றம் தாலூகாவில் பிறந்ததற்காக ஒரு மார்க்கும் கூடக் கிடைக்காது. தோப்பூர்த் திட்டத்தில் பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு 60 இடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் பெண்கள் அந்த 60 இடங்களுக்குப் போட்டியிடத் தயாராக வேண்டும். அதைச் சொல்லாமல், எய்ம்ஸ் பெயரைச் சொல்லித் தன் பள்ளிக்கு ஆள் பிடிப்பவன் புளுகன்.

சர்க்கார் வேலையின் நிலைமை

சரி, மாநில சர்க்கார் வேலை கிடைக்காதா? ஒரு காலத்தில் சர்க்கார் நர்சிங் பள்ளியில் படித்தவர்களுக்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை என்றிருந்தது. 2012ல் தனியார் பள்ளியில் படித்தவர்களுக்கும் வாசலைத் திறந்தார்கள். சர்க்கார் பள்ளி மாணவிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஏழைப் பெண்ணை ஏழைப் பெண்ணுக்கு எதிராக நிறுத்தியதுதான் கண்ட பலன். இரு சாராருக்கும் போதுமான நிரந்தர இடங்களை உண்டாக்கியிருந்தால் இந்தச் சண்டை வந்திருக்குமா?

2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,243 இடங்களுக்கு நர்ஸ்களை எடுத்தது. சம்பளம் என்ன தெரியுமா? மாதம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷ ஒப்பந்தம், பிறகு நிரந்தரம் என்றார்கள். இரண்டு வருஷம் கழிந்தது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் நர்ஸ்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் தொகுப்பூதியம் 14,000 என்றும், பின்னர் 18,000 என்றும் உயர்ந்தது. போராடாமல் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

கொரோனா காலத்தை யார் மறக்க முடியும்? 2020 மார்ச் 22ந் தேதி கைதட்டச் சொன்னார்கள். மே 3ந் தேதி ஆஸ்பத்திரிகளின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூச்சொரிந்தார்கள். இங்கே தோப்பூர் காச நோய் ஆஸ்பத்திரியே கொரோனா ஆஸ்பத்திரியாயிற்று. அந்த ஆபத்தான நாட்களில் தமிழ்நாடு சர்க்கார் தற்காலிகமாக எடுத்த நர்ஸ்களில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை 2022 டிசம்பர் 31ந் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆபத்து வந்தபோது தெய்வம், ஆபத்து நீங்கியதும் தெரு. வாழ்த்து மட்டும் வயிற்றை நிரப்புமா?

கடல் கடந்த ஆசை

வெளிநாட்டு வேலை பொய்யல்ல. ஆனால் அதற்குக் கையில் இருக்கும் டிப்ளமா மட்டும் போதாது. வளைகுடா நாடுகளுக்கு அனுபவச் சான்றும் லைசென்ஸ் பரீட்சையும் வேண்டும். இங்கிலாந்துக்கு ஆங்கிலப் பரீட்சை, ஜெர்மனிக்கு ஜெர்மன் பாஷை. இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் பழகிய பெண்ணுக்கு அந்த அனுபவச் சான்று எங்கிருந்து வரும்?

2014ல் ஈராக்கில் திக்ரித் நகரில் சண்டைக்கு நடுவே 46 இந்திய நர்ஸ்கள் சிக்கிக் கொண்டார்கள். 45 பேர் கேரளத்துப் பெண்கள், ஒருவர் தமிழ்நாட்டுப் பெண். தலைக்கு மேல் குண்டு விழுந்தபோதும் வீட்டுக்கடனை நினைத்துத் திரும்பி வரத் தயங்கியவர்கள் அவர்களில் உண்டு. படிப்புக்கு வாங்கிய கடன் மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பார்த்தீர்களா? 2015ல் குவைத் வேலைக்கு ஆள் எடுத்த ஒரு கொச்சிக் கம்பெனி, 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதரை லட்சம் வரை கறந்ததாக சி.பி.ஐ. வழக்கே வந்தது. அந்த வருஷத்தில்தான் வளைகுடா முதலிய நாடுகளுக்கு நர்ஸ்களை சர்க்கார் ஸ்தாபனங்கள் மூலமே அனுப்ப வேண்டுமென்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் அதற்கென்று அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978 முதல் இருக்கிறது. ஏஜெண்டிடம் பணம் கொடுக்கு முன் அந்த ஆபீஸ் படியை மிதியுங்கள்.

அங்கீகாரம் இருந்தால் போதுமா?

அங்கீகாரம் இருக்கிறது, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே ஆஸ்பத்திரி இல்லாமலும் ஆசிரியர் இல்லாமலும் காகிதத்திலேயே நர்சிங் கல்லூரிகள் நடக்கின்றன என்று வழக்கு வந்தது. ஹைகோர்ட் உத்தரவின் பேரில் சி.பி.ஐ. 308 கல்லூரிகளைப் பார்வையிட்டது. 169 கல்லூரிகள்தான் தகுதியானவை என்று சொல்லிற்று. அதோடு முடிந்ததா? 2024 மே மாதத்தில், நல்ல சர்ட்டிபிகேட் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக சி.பி.ஐ. அதிகாரிகளே கைதானார்கள்! தகுதியானவை என்று சொன்ன 169ஐயும் மறுபடி பார்க்கும்படி ஹைகோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை. அங்கீகாரம் அவசியம், ஆனால் அதுமட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

பணம் கட்டு முன் கேட்க வேண்டியவை

ஒன்று: எந்தப் படிப்பு என்று கேளுங்கள். ஏ.என்.எம். இரண்டு வருஷம். ஜி.என்.எம். டிப்ளமா மூன்று வருஷம். பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருஷம். இவற்றை முடித்துத் தமிழ்நாடு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால்தான் நர்ஸ். ஏதோ ஒரு டிரஸ்டின் பெயரில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நடக்கும் நர்சிங் சர்ட்டிபிகேட்டுகளைக் கொண்டு பதிவு செய்ய முடியாது. அந்தக் காகிதம் காலத்துக்கும் உதவியாள் வேலைக்குத்தான் பயன்படும்.

இரண்டு: இந்த வருஷத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் பட்டியலில் பாருங்கள். பி.எஸ்ஸி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகப் பட்டியலிலும் பாருங்கள். புரோக்கரின் செல்போனில் பார்க்காதீர்கள். நீங்களே தேடிப் பாருங்கள், அல்லது படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று: பள்ளிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா? நூறு படுக்கை கொண்ட தாய் ஆஸ்பத்திரி வேண்டுமென்பதும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் வேண்டுமென்பதும், பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்பதும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதிகள். ஒரு நாள் மத்தியானம் நேரில் போய் வார்டைப் பாருங்கள். கட்டில்களை எண்ணாதீர்கள், கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிகளை எண்ணுங்கள்.

நான்கு: மொத்தம் எவ்வளவு பணம் என்று மூன்று வருஷத்துக்கும் எழுத்தில் வாங்குங்கள். ரசீதில்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். மார்க் ஷீட், டி.சி. ஆகிய அசல் காகிதங்களைப் பிடித்து வைத்து மிரட்ட எவனுக்கும் உரிமையில்லை என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

ஐந்து: சென்ற வருஷம் படித்து முடித்த இரண்டு பெண்களைத் தேடிப் பிடியுங்கள். எங்கே வேலை, கையில் வாங்குவது எவ்வளவு என்று கேளுங்கள். நூறு நோட்டீஸ் சொல்லாத உண்மையை அந்த ஒரு பெண் சொல்லி விடுவாள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மனுப் போடுங்கள். விண்ணப்பத் தேதியைத் தவற விடாதீர்கள். சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்ணுக்கு 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பங்களில் வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித் தொகை உண்டு. தனியார் பள்ளியில் எந்தக் கோட்டாவில் சேர்க்கிறார்கள், அந்தக் கோட்டாவுக்கு உதவித் தொகை கிடைக்குமா என்று நல ஆபீசிலேயே கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இரண்டு ஆட்சேபங்கள்

தனியார் பள்ளி இல்லாவிட்டால் இத்தனை பெண்கள் எங்கே படிப்பார்கள் என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டில் உண்டு, நோயாளி உண்டு, டாக்டர் உண்டு. அங்கே பள்ளி இடங்களைப் பெருக்காதது யார் குற்றம்? இடத்தைச் சுருக்கி வைத்துவிட்டு, தனியாரிடம் போ என்று கைகாட்டுவது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணீர் லாரிக்காரனிடம் அனுப்புவது போன்றது. நேர்மையாக நடத்தும் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பயப்பட மாட்டார்கள்.

நர்ஸ் தொழில் புனிதமான சேவை, அதில் கூலி பேசலாமா என்பது இரண்டாவது ஆட்சேபம். ரூம் வாடகை, ஸ்கேன், மாத்திரை எல்லாவற்றுக்கும் பில் போடுகிறவர்களுக்கு நர்சின் சம்பள நாளில் மட்டும் புனிதம் ஞாபகம் வருகிறது! 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஆஸ்பத்திரியும் ஒரு தொழிலே என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2016ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் பத்து சதவிகிதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவிகிதத்துக்கு மேல் குறையக்கூடாது. 50க்குக் கீழ்ப்பட்ட ஆஸ்பத்திரியில் கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது; உங்கள் மகளின் சம்பளக் கவரில் இருக்கிறதா?

கேரளத்தில் மட்டும் நிலைமை ஏன் மாறிற்று? அங்கே தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் 2011 முதல் சங்கமாகத் திரண்டார்கள். வேலை நிறுத்தம் செய்தார்கள். 2017ல் மாநிலம் முழுவதும் போராடினார்கள். 2018 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 என்று சர்க்கார் உத்தரவு வந்தது. 2012ல் சென்னையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளிலும் நர்ஸ்கள் வேலை நிறுத்தம் செய்து காட்டினார்கள். நம் பெண்களுக்குத் தைரியம் குறைவு அல்ல. பின்னால் நிற்க ஆள் வேண்டும்.

தோழர்களே! மில் வாசலில் எட்டு மணி நேர வேலைக்கும் பஞ்சப்படிக்கும் போராடிய குடும்பத்துப் பெண்தான் இன்று ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிறாள். அவள் பட்டதாரியாகி விட்டாள், வெள்ளை உடுப்புப் போட்டு விட்டாள், ஆகவே சங்கம் நமக்குத்தான், அவளுக்கு வேண்டாம் என்று நினைப்பது பிசகு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அவளோடு கூடப் போய்க் கேள்வி கேளுங்கள். வேலைக்குப் போன பின் அவள் சங்கத்தில் சேரும்போது கூட நில்லுங்கள்.

சர்க்கார் நர்சிங் பள்ளிகளில் இடங்களைப் பெருக்கு! காலியிடங்களை நிரந்தர நர்ஸ்களைக் கொண்டு நிரப்பு! மாணவிகளைக் கூலியில்லா ஆட்களாக நடத்தாதே! கமிட்டி சொன்ன சம்பளத்தைச் சட்டமாக்கு! இந்த நான்கு கோரிக்கைகளையும் தெருத் தெருவாகக் கொண்டு செல்வோம். நோட்டீஸ் கட்டோடு வரும் புரோக்கர் நம் வீட்டு வாசலில் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போகட்டும்!